வீட்டிலேயே பிரசவம், கூட ஒரு மருத்துவச்சி: பாகூர் பக்கம் யாராவது யோசித்ததுண்டா?

பாகூர்_வளர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது இரண்டாவது. 31 வாரம் முடிந்துவிட்டது, ஐப்பசிக் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

முதல் பிரசவம் நாலு வருடம் முன்னால் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில். சுகப்பிரசவம் என்று ஊர் முழுக்கச் சொன்னோம். அதில் சுகம் எங்கே இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். வலி எடுத்த 11 மணி நேரமும் என் அம்மா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். உள்ளே என்னை மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு காலையும் தூக்கி மாட்டியிருந்தார்கள். யார் யாரோ வந்து கைவிட்டுப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். கத்தியபோது அங்கிருந்த அம்மா ஒருவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிரசவ அறைக்குள் போய் வந்த பெண்களுக்கு எழுதாமலே புரியும். கீழே கத்தரித்திருக்கிறார்கள் என்பதே தையல் போட ஆரம்பித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த அறைக்குள் இன்னொரு முறை போக உடம்பு ஒப்பவில்லை. ஈசிஆர் பக்கம் ஒருவர் வீட்டுக்கே வந்து பிரசவம் பார்க்கிறார் என்று தோழி சொன்னாள். போய்ப் பேசினேன். அன்பாகப் பேசினார், என் கையைப் பிடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் கேட்டார். இதுவரை ஒரு டாக்டரும் அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. கணவர் சரி என்கிறார். மாமியார் “நானே வீட்ல பொறந்தவதான்” என்கிறார். அம்மா மட்டும் அழுகிறார்.

திட்டாமல், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரெட்டிச்சாவடி:

வேண்டாம்மா. எதுக்கு இந்த விஷப்பரீட்சை.

கெடிலக்கரை:

வளர், என் ஆயா மருத்துவச்சி. நெல்லிக்குப்பத்தைச் சுற்றி ஏழெட்டுக் கிராமத்தில் ஆயா கை படாத தலைச்சன் பிள்ளையே இருக்காது. எங்கள் ஜனத்தில் ஆண்கள் முடி வெட்டுவார்கள், பெண்கள் பிரசவம் பார்ப்பார்கள். நள்ளிரவில் கூப்பிட்டுக்கொண்டு வந்த வீட்டில், காலையில் அவளைத் திண்ணைக்கு மேல் ஏறவிட மாட்டார்கள். கூலி ஒரு மரக்கால் நெல், பழைய புடவை, ஆண்பிள்ளை என்றால் கூட ஒரு ரூபாய். இதையும் சேர்த்துத்தான் ‘நம் பாரம்பரியம்’ என்று சொல்ல வேண்டும்.

ஆயாவுக்கு அரசாங்கம் பயிற்சி கொடுத்து ஓர் அலுமினியப் பெட்டி தந்தது. பெட்டிக்குள் புது பிளேடு, நூல், சோப்பு, ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். அவளிடம் எனக்குப் பிடித்தது ஒன்று: வயிற்றைத் தடவிப் பார்த்து “தல எறங்கல, வண்டிய கட்டுங்க” என்று சொல்லத் தயங்க மாட்டாள். வீட்டுக்காரர்கள் கெஞ்சினாலும் அசைய மாட்டாள்.

இருந்தும் என் சின்ன அத்தை, அவள் பெற்ற மகளே, அவள் மடியில்தான் போனாள். பிள்ளை பிறந்து முக்கால் மணி நேரத்தில் உதிரப்போக்கு. ஆயா அதற்குப் பிறகு மூன்று வருடம் யார் வீட்டுக்கும் போகவில்லை.

இயற்கை_வழி:

பயமுறுத்தும் கதைகள் எல்லாப் பக்கமும் உண்டு. மறுபக்கத்தையும் பார்ப்போம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரை மட்டும் எடுத்தால் 63.8. நூறு பெண்களில் 64 பேருக்கு இடுப்பு வேலை செய்யாமல் போய்விட்டதா? நல்ல நேரம் பார்த்து வயிற்றைக் கிழிக்கும் ஊர் இது. அஷ்டமி, நவமியில் எந்தக் குழந்தையாவது பிறக்கிறதா என்று பாருங்கள். நம் பாட்டிகள் ஒன்பது பெற்றார்கள், கத்தி படாமல்.

தோழி தேர்ந்தெடுப்பது அவர் உரிமை. நெதர்லாந்தில் இன்றும் வீட்டில் பெறுகிறார்கள். அவர்கள் முட்டாள்களா?

முத்தியால்பேட்டை_சுதா:

ஒன்பது பெற்றார்கள், எத்தனை தங்கியது? என் பாட்டி பெற்றது எட்டு, தங்கியது நாலு. கத்தியும் படவில்லை, கல்லறையும் கட்டவில்லை. வாய்க்கால் ஓரம் புதைத்தார்கள்.

மட்டுறுத்துநர்:

மருத்துவமனைப் பெயர், வீட்டுப் பிரசவம் பார்ப்பவர் பெயர், கைப்பேசி எண் எதையும் இங்கே போடாதீர்கள். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_நர்ஸம்மா:

வளர், நான் கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக 31 வருடம் வேலை பார்த்தவள். நானே வீட்டுக்கு வீடு போய்ப் பிரசவம் பார்த்தவள்தான், அதனால் வீட்டுப் பிரசவம் என்றதும் அலறுகிற ஆள் இல்லை.

குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு ராத்திரி. 1994 என்று நினைவு. மூன்றாவது பிரசவம், பிள்ளை அழகாக வந்தது, நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது. வீட்டுக்காரர் எனக்கு கோலி சோடா வாங்கப் போயிருக்கிறார். நான் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். “தூக்கமா வருது நர்ஸம்மா” என்றாள். குரல் வித்தியாசமாக இருந்தது. போர்வையைத் தூக்கினால் பாய் நனைந்து தரைக்கு இறங்கியிருக்கிறது. வயிற்றில் கை வைத்தேன். நஞ்சு விழுந்த பிறகு கர்ப்பப்பை உரித்த தேங்காய் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். பிசைந்த மாவு மாதிரி இருந்தது.

இருந்த ஊசியைப் போட்டேன். 108 எல்லாம் 2008-இல்தான் வந்தது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டரை அவள் கொழுந்தன் ரோட்டில் குறுக்கே நின்று மறித்தான். கரும்புக் கட்டுகளைத் தள்ளி இடம் பண்ணி அவளைக் கிடத்தி, கடலூர் பெரியாஸ்பத்திரி வரை வயிற்றைத் தேய்த்துக்கொண்டே போனேன். பிழைத்தாள். என் கைராசி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அந்த டிராக்டர் வராமல் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. அது சுருங்கி இறுகினால்தான் ரத்தக்குழாய்களின் வாய்கள் அடைபடும். இறுகாவிட்டால் எவ்வளவு சீக்கிரம் உடம்பு காலியாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து அளந்தால் போன ரத்தம் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். நம் ஊரில் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ரத்தசோகையோடுதான் பிரசவத்துக்கே வருகிறார்கள். வெள்ளைக்காரி தாங்குவதை இவர்கள் தாங்க மாட்டார்கள்.

உங்களை அங்கே அப்படி நடத்தியது தப்பு. அதைச் சொல்லாமல் அறிவுரை மட்டும் சொன்னால் நானும் அந்த அறையில் இருந்த அம்மா மாதிரிதான்.

பாகூர்_வளர்:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 2011-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றைப் படித்தேன். சிக்கல் இல்லாத 64,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்தது. முதல் குழந்தை என்றால் வீட்டில் ஆபத்து கூடுதல். ஆனால் இரண்டாவது, மூன்றாவது என்றால் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியவில்லை என்கிறது. எனக்கு இது இரண்டாவதுதானே? முதலாவதும் சிசேரியன் இல்லையே?

லீட்ஸ்_தேவனாம்பட்டினம்:

வளர், நான் உங்கள் ஊர்ப் பக்கம்தான். வெள்ளிக் கடற்கரையில் விளையாடி வளர்ந்தவள், இப்போது இங்கிலாந்தில் மருத்துவச்சி. இங்கே நர்ஸ் பதிவு வேறு, மருத்துவச்சி பதிவு வேறு. நர்ஸாக வந்தவள், இந்தப் படிப்பைத் தனியாகப் படித்தேன். வீட்டுப் பிரசவங்களுக்குப் போயிருக்கிறேன். நடுராத்திரி சமையலறையில் டீ போட்டுக்கொண்டு, பக்கத்து அறையில் அவள் பாட்டுக்குக் குளியல் தொட்டியில் முனகிக்கொண்டு, விடியும்போது குழந்தை. அந்த அழகை நான் மறுக்கவே மாட்டேன்.

நீங்கள் படித்தது சரியான ஆய்வுதான், சரியாகவும் படித்திருக்கிறீர்கள். முதல் குழந்தைக்காரர்களில் வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களுக்கு 1,000-க்கு 9.3 குழந்தைகளுக்குப் பெரிய பாதிப்பு, டாக்டர்கள் இருக்கும் மருத்துவமனைப் பிரிவில் 5.3. இரண்டாவதுக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. வீட்டில் பெறுவதாகத் திட்டமிட்ட முதல் குழந்தைக்காரர்களில் நூற்றுக்கு 45 பேரை நடுவிலோ பிரசவம் முடிந்தோ மருத்துவமனைக்கு மாற்றினார்கள். இரண்டாவதுக்கு மேல் உள்ளவர்களிலும் 12 பேர். பெரும்பாலும் ‘வலி போதவில்லை, நேரம் இழுக்கிறது’ என்கிற மாதிரிக் காரணம்தான். உயிர் போகிற அவசரம் கொஞ்சம்தான்.

அந்த 12 பேர் இங்கே எங்கே போகிறார்கள் தெரியுமா? நானே போன் செய்வேன், ஆம்புலன்ஸ் வரும், நானும் கூடவே ஏறுவேன். மருத்துவமனையில் அவளுடைய கோப்பு ஏற்கெனவே இருக்கும். வாசலில் நிற்கிற டாக்டர் “வீட்டுல என்னத்துக்கு வெச்சிருந்தீங்க” என்று கேட்க மாட்டார், ஏனென்றால் நானும் அதே நிறுவனத்தின் ஆள். குழந்தை வரும் நேரத்தில் வீட்டில் இரண்டு மருத்துவச்சிகள் இருப்போம், ஒருவர் தாய்க்கு, ஒருவர் பிள்ளைக்கு. பையில் கர்ப்பப்பை இறுக்கும் மருந்து, குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் பை, முகமூடி, ஆக்சிஜன். வலி ஆரம்பித்ததிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒரு முறை குழந்தையின் இதயத்துடிப்பு, முக்க ஆரம்பித்த பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு முறை, கேட்டு எழுத வேண்டும். எழுதவில்லை என்றால் என் பதிவு போகும்.

அந்த ஆய்வின் பெண்கள் எல்லாம் இந்தச் சல்லடையில் சலித்து எடுத்தவர்கள். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் வீட்டையும் மருத்துவமனையையும் இணைக்கும் இப்படிப்பட்ட கோர்வை இல்லை. அங்கே மருத்துவமனைக்கு வெளியே திட்டமிட்ட பிரசவங்களில் 1,000-க்கு 3.9 குழந்தைகள் இறந்தன, மருத்துவமனையில் 1.8 என்று 2015-இல் வெளியிட்டார்கள். ஆனால் சிசேரியன் வெளியே 5 சதவீதம், உள்ளே 25. இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இயற்கை_வழி:

லீட்ஸ் சகோதரிக்கு நன்றி, நேர்மையாக எழுதினீர்கள். ஆனால் நம் ஊரில் அந்தக் கோர்வை இல்லை என்பதற்காக எல்லாப் பெண்களும் அந்தக் கட்டிலில் போய்ப் படுக்க வேண்டுமா? கோர்வையை யார் கொண்டுவருவது? 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பெற்றபோது ஒரு தாய் இறந்தார். அதிலிருந்து ‘வீட்டுப் பிரசவம்’ என்று வாயைத் திறந்தாலே போலீஸ் பேச்சு. அங்கே மருத்துவச்சியே கிடையாது. அதையும் இதையும் ஒன்றாகப் போடுவது நியாயமா?

லீட்ஸ்_தேவனாம்பட்டினம்:

ஒன்றாகப் போடக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். படித்த மருத்துவச்சி பக்கத்தில் இருப்பதும் யூடியூப் பக்கத்தில் இருப்பதும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதனால்தான் வளர் பார்த்தவர் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். அன்பாகப் பேசினார் என்கிறார். அது எனக்குப் போதாது.

வில்லியனூர்_அப்பா:

ஆம்பளை உள்ளே வரலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் மனைவிக்கு முதல் பிரசவத்தில் என் மாமியாரை உள்ளே விட்டார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் விசேஷமில்லை. ஆனால் அவர் உள்ளே இருந்ததால் யாரும் குரலை உயர்த்தவில்லை.

ஓய்வுபெற்ற_நர்ஸம்மா:

வில்லியனூர் தம்பி சொன்னது சின்ன விஷயம் இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்துக்குத் துணையாக ஒரு பெண் உடன் இருக்கலாம் என்று 2004-லேயே கொண்டுவந்தார்கள். எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? கேட்டால் விடுவார்கள், கேட்காவிட்டால் நாற்காலியில் உட்காரவைப்பார்கள்.

இன்னொன்று. மருத்துவச்சி என்றாலே வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவச்சி நடத்தும் பிரிவுகள் வேண்டும் என்று மத்திய அரசு 2018 டிசம்பரில் வழிகாட்டி வெளியிட்டது. செவிலியர்களுக்கு 18 மாதம் தனிப் பயிற்சி, சிக்கல் இல்லாத பிரசவத்தை அவர்களே ஆரம்பத்திலிருந்து பார்ப்பார்கள், டாக்டர் கூப்பிடு தூரத்தில். தெலங்கானாவில் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். நம் பக்கம் எல்லா இடத்துக்கும் வந்து சேர இன்னும் காலம் ஆகும், கேட்கிறவர்கள் கூடினால் சீக்கிரம் வரும்.

லீட்ஸ்_தேவனாம்பட்டினம்:

நர்ஸம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரே மருத்துவச்சி முதலிலிருந்து கூட வந்தால் கத்தரிப்பது குறைகிறது, ஆயுதம் போட்டு எடுப்பது குறைகிறது என்று 15 பரிசோதனைகள், 17,000 பெண்களுக்கு மேல் வைத்து 2016-இல் தொகுத்தது ஒன்று உண்டு. எங்களுக்கு வேதம் மாதிரி. அந்தப் 15-இல் ஒன்றுகூட வீட்டுப் பிரசவம் இல்லை. எல்லாம் மருத்துவமனைக் கூரைக்குக் கீழே நடந்தவை. வளர் தேடுகிற நன்மையில் பாதிக்கு மேல் அந்த ஆளிடம் இருக்கிறது, வீட்டுச் சுவரில் இல்லை.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். வளர், நீங்கள் பார்த்தவரிடம் போய் இதையெல்லாம் கேளுங்கள். செவிலியர் கவுன்சிலில் நர்ஸ், மருத்துவச்சி என்று பதிவு இருக்கிறதா, எண் என்ன? கர்ப்பப்பை இறுக்கும் ஊசி வைத்திருக்கிறாரா? அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. புதுச்சேரி வெயிலில் கைப்பையில் போட்டுக் கொண்டுவந்தால் தண்ணீர் ஊசி போட்ட மாதிரிதான். குழந்தை அழவில்லை என்றால் ஒரு நிமிடத்துக்குள் மூச்சுப் பை வைக்கத் தெரியுமா, கடைசியாக எப்போது வைத்தார்? பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஒரு கை உதவி தேவைப்படும், அபூர்வம் இல்லை. இரண்டாவது ஆள் யார்? எந்த மருத்துவமனையோடு பேசி வைத்திருக்கிறார்? எப்படிப்பட்ட பெண்களை ‘உங்களுக்கு வீடு வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்? கடைசிக் கேள்விக்கு ‘யாரையும் இல்லை’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறதா? அவர் அதை வாங்கிப் பார்த்தாரா? உங்கள் ரத்த வகை என்ன?

கெடிலக்கரை:

ஆயாவும் முதல் கேள்வி இதைத்தான் கேட்பாள்: “மொத புள்ளைக்கு எப்படி இருந்துச்சு?”

பாகூர்_வளர்:

நாலு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஃபைலைத் தேடினேன். கல்யாண ஆல்பத்துக்கு அடியில் இருந்தது.

ரத்த வகை ஓ நெகட்டிவ். அது எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பழைய சம்மரியையும் அவர் கேட்கவில்லை.

சம்மரியில் இரண்டாம் பக்கம், டாக்டர் கையெழுத்துக்கு மேலே, ‘அடோனிக் பிபிஎச், மருந்தால் கட்டுப்படுத்தப்பட்டது’ என்று இருக்கிறது. அளவு 800 மில்லி. கீழே ‘ஆன்டி-டி கொடுக்கப்பட்டது’. பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை இறுகாமல் ரத்தம் அதிகமாகப் போவது என்று கூகுளில் தேடித்தான் புரிந்துகொண்டேன். நர்ஸம்மா எழுதிய அந்தக் குறிஞ்சிப்பாடிக் கதை எனக்கே நடந்திருக்கிறது. நாலு வருடமாக எனக்குத் தெரியாது. அன்று திடீரென்று நாலைந்து பேர் ஓடி வந்தது, ஒருவர் வயிற்றைப் போட்டு அழுத்தியது, நான் வலியில் அவர் கையைத் தட்டிவிட்டது, அதற்குத் திட்டு வாங்கியது, எல்லாம் நினைவிருக்கிறது. கொடுமைப்படுத்துகிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரே ஒரு வரி, “ரத்தம் போகுதும்மா, அதான் அமுக்குறோம்” என்று சொல்லியிருந்தால் என்ன?

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் கோபம் இப்போது வேறு இடத்தில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற_நர்ஸம்மா:

கண்ணு, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நாங்கள் அவசரத்தில் கையை மட்டும் ஓட்டுவோம், வாயை மறந்துவிடுவோம். நானும் எத்தனை பேருக்குச் சொல்லாமல் அமுக்கியிருக்கிறேனோ.

ஒரு முறை அப்படிப் போனால் அடுத்த முறையும் போக வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஓ நெகட்டிவ் ரத்தம் நம் ஊரில் நூற்றில் ஐந்து பேரிடம்கூட இருக்காது, ஓ நெகட்டிவ்காரருக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் ஏற்ற முடியும். பிளட் பேங்க் இருக்கும் இடமாகப் போங்கள். இப்போதே ஹீமோகுளோபின் பாருங்கள், இரும்பு மாத்திரையை டீயோடு போடாதீர்கள்.

லீட்ஸ்_தேவனாம்பட்டினம்:

ஓ நெகட்டிவ் என்பதற்காக மட்டும் இங்கே வீட்டுப் பிரசவத்தை மறுக்க மாட்டோம். முந்தைய பிரசவத்தில் மருந்து கொடுத்து நிறுத்த வேண்டிய அளவுக்கு ரத்தம் போயிருந்தால் ‘மருத்துவமனைக்கு வாருங்கள்’ என்றுதான் சொல்வோம். நீங்கள் படித்த ஆய்வின் ‘இரண்டாவது குழந்தைக்காரர்’ பட்டியலில் நீங்கள் இல்லை, வளர். உங்கள் மாதிரிப் பெண்களை ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டுத்தான் அந்த எண்களைப் போட்டார்கள்.

28 வாரத்தில் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராக நெகட்டிவ் தாயின் உடம்பு எதிர்ப்பு வளர்க்காமல் தடுப்பது) போட்டார்களா? குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று போட வேண்டும்.

பாகூர்_வளர்:

28-இல் போட்டார்கள். ஏதோ சத்து ஊசி என்று நினைத்திருந்தேன்.

இயற்கை_வழி:

தோழி, மருத்துவமனைக்கே போங்கள். சிசேரியன் பற்றி நான் சொன்னதில் எதையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் ரத்த வகைகூடக் கேட்காத ஒருவருக்காக நான் வாதாட முடியாது.

ரெட்டிச்சாவடி:

ஐப்பசிக் கடைசி என்றால் மழை. 2024-இல் ஃபெஞ்சல் புயல் முடிந்து தென்பெண்ணை பெருகியபோது எங்கள் பக்கம் ரோடு எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை. புயல் அறிவிப்பு வந்தால் வலி வருகிறதோ இல்லையோ, இரண்டு நாள் முன்னாலேயே டவுனில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். கொசுவலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாகூர்_வளர்:

(பத்து வாரம் கழித்து)

பெண் குழந்தை, 3 கிலோ 100. அரசு மருத்துவமனையில். முன்கூட்டியே போய் ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன்: போன முறை ரத்தம் போனது, ஓ நெகட்டிவ், அம்மா கூட இருக்க வேண்டும், கத்தரிப்பதாக இருந்தால் முதலில் சொல்லுங்கள். வாங்கிய சிஸ்டர் “இதென்ன மனு மாதிரி” என்று சிரித்தார். ஆனால் கேஸ் ஷீட்டோடு குத்தி வைத்தார்.

எல்லாம் சினிமா மாதிரி நடந்தது என்று சொல்ல மாட்டேன். கட்டில் கிடைக்க மூன்று மணி நேரம், கழிவறைக்குள் போக மனது வரவில்லை, ஒரு ஆயா “பொண்ணா?” என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் அம்மா என் தலைமாட்டில் நின்றார். டியூட்டி சிஸ்டர் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தே முக்கச் சொன்னார். கத்தரிக்கவில்லை, கொஞ்சம் கிழிந்து இரண்டு தையல். குழந்தை வந்ததும் தொடையில் ஊசி. “இது கர்ப்பப்பை இறுகுறதுக்கு” என்று சொல்லிவிட்டுப் போட்டார். ரத்தம் இந்த முறையும் கொஞ்சம் அதிகம்தான். இரண்டாவது மருந்து போட்டார்கள், வயிற்றை அமுக்கினார்கள். நான் கையைத் தட்டிவிடவில்லை. குழந்தை பி பாசிட்டிவ், எனக்கு மறுநாளே ஆன்டி-டி போட்டாயிற்று.

ஈசிஆர் அம்மா போன் செய்து நலம் விசாரித்தார். அவரிடம் ரத்த வகை பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இனிமேல் கேட்பதாகச் சொன்னார்.

வலி வந்ததும் ‘சூட்டு வலி’ என்று மாமியார் சோம்புக் கஷாயம் போட்டு இரண்டு மணி நேரம் உட்காரவைத்த கதையைத் தனியாக எழுதுகிறேன். குழந்தை எழுந்துவிட்டாள்.